யாழ்ப்பாணத்தில் வேலை தேடும் பட்டதாரி மற்றவர்களிலிருந்து எவ்வாறு தனித்துத் தெரிவது?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவக் கற்கைகள் வணிக பீடத்தில் கணக்கியல் கற்றுப் பட்டம் பெற்று ஒன்றரை வருடமாகிறது என்றும், வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் அனுப்பிய விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வரவில்லை என்றும், உங்களுடன் கற்ற எல்லோரிடமும் இதே பட்டமும் இதே சான்றிதழ்களும் இருக்கும்போது எப்படித்தான் தனித்துத் தெரிவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இன்னொரு டிப்ளோமா செய்யலாமா, ஆள் தெரியாமல் இங்கே வேலை கிடைக்குமா, சம்பளம் குறைவான ஒரு சிறிய இடத்தில் சேரலாமா என்ற மூன்று கேள்விகளும் அதனுடன் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் தனியார் நிறுவனங்களின் நேர்முகத்தேர்வுகளில் கேள்வி கேட்கும் பக்கத்தில் பல வருடங்கள் இருந்தவன் என்ற வகையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியின் நடுவே போகிற போக்கில் இரண்டு செய்திகளைச் சொல்லியிருக்கிறீர்கள். வீட்டுக்கு அருகிலுள்ள கல்வி நிலையமொன்றில் உயர்தர மாணவருக்குக் கணக்கீடு கற்பிக்கிறீர்கள். ஊர்ச் சனசமூக நிலையத்தின் பொருளாளராகவும் இருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் இணைத்திருக்கும் சுயவிபரக் கோவையில் இவ்விரண்டும் இல்லை. அதற்குப் பதிலாக, சாதாரண தரப் பரீட்சையின் ஒன்பது பாடப் பெறுபேறுகள் அரைப் பக்கத்தைப் பிடித்திருக்கின்றன; ஒரு நாள் கருத்தரங்குகளுக்குப் போனதற்கான சான்றிதழ்களின் பெயர்கள் அடுத்த அரைப் பக்கத்தை நிரப்பியிருக்கின்றன. நான் சொல்லப் போவதன் சாரம் இதிலேயே இருக்கிறது. உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டக்கூடியவை, நீங்கள் உண்மையில் செய்த, இன்னொருவர் விசாரித்து உறுதிப்படுத்தக்கூடிய வேலைகள். அவற்றை மறைத்துவிட்டு, எல்லோரிடமும் இருப்பவற்றை முன்னால் வைத்திருக்கிறீர்கள்.

தெரிவு செய்பவரின் மேசையில் என்ன நடக்கிறது என்பதை அறிந்தால் இது தெளிவாகும். ஒரு பதவிக்கு வரும் விண்ணப்பங்களை முதலில் பிரிப்பவர் பெரும்பாலும் தன் வழக்கமான வேலைக்கு இடையில் அதைச் செய்கிறார். மின்னஞ்சலைத் திறந்தால் பலவற்றில் ஒரு வரிகூட எழுதப்பட்டிருக்காது. ஒரு கோப்பு மட்டும் இணைக்கப்பட்டிருக்கும். பத்தில் எட்டுக் கோவைகள் ஒரே மாதிரியிலிருந்து எடுக்கப்பட்டவை போல இருக்கும்: நேர்மையானவர், கடின உழைப்பாளி, தனித்தும் குழுவாகவும் பணியாற்றக்கூடியவர், அழுத்தத்தின் கீழும் செயற்படக்கூடியவர். இவை பொய் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் எழுதும் ஒரு வரியை வைத்து எவரையும் தெரிவு செய்ய முடியாது. வாசிப்பவரின் மனத்தில் இருக்கும் கேள்விகள் மிக எளிமையானவை: இவரிடம் வேலையை ஒப்படைத்தால் முடித்துத் தருவாரா, எவ்வளவு காலம் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும், இருப்பாரா போய்விடுவாரா. இந்தக் கேள்விகளுக்கு உங்கள் தாளில் எங்காவது பதில் கிடைத்தால் அதைத் தனியே எடுத்து வைப்பார்.

ஆகவே சனசமூக நிலைய வேலையை எப்படி எழுதலாம் என்று பாருங்கள். ‘பொருளாளர், சனசமூக நிலையம்’ என்று மட்டும் எழுதினால் அது ஒரு பதவிப் பெயர். ஊரில் பெயருக்குப் பொருளாளராக இருப்பவர்களும் உண்டு. அதை இப்படி விரித்து எழுதலாம்: ‘2023 முதல் பொருளாளர். சந்தா, நன்கொடை, வாசிகசாலைப் பத்திரிகைச் செலவு, விளையாட்டு விழாச் செலவு ஆகியவற்றைக் கொப்பியிலிருந்து எக்செல் தாளுக்கு மாற்றினேன். மாதந்தோறும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத் தயாரிக்கிறேன். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை சமர்ப்பித்து அங்கத்தவர்களின் கேள்விகளுக்குப் பதிலளித்தேன்.’ ஆண்டையும் விவரத்தையும் நீங்கள் உண்மையில் செய்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். செய்யாத ஒன்றை ஒரு சொல்கூடச் சேர்க்க வேண்டாம். இப்படி எழுதினால், பிறருடைய பணத்தைக் கையாண்டவர், பற்றுச்சீட்டில்லாத செலவை என்ன செய்வது என்று யோசித்திருப்பவர், கணக்கை ஊர்ச்சபை முன் விளக்கிச் சொல்லத் தெரிந்தவர் என்பதெல்லாம் வாசிப்பவருக்குத் தானாகவே புலப்படும். நேர்மையானவர் என்ற சொல்லை நீங்கள் எழுதத் தேவையே இல்லை.

கற்பித்தலும் அப்படியே. வேலை கிடைக்கும்வரை ‘சும்மா’ படிப்பிக்கிறோம் என்று நம் பட்டதாரிகள் அதைக் கூச்சத்துடன் ஒதுக்கிவிடுகிறார்கள். நிதி நிறுவனமொன்றில் குத்தகை (லீசிங்) வசதி பற்றி ஒரு விவசாயிக்கோ முச்சக்கரவண்டி ஓட்டுநருக்கோ விளக்க வேண்டிய பதவிக்கு, கடினமான விடயத்தை இலகுவாக்கிச் சொல்லத் தெரிந்தவர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்ன இருக்கிறது? அதுமட்டுமன்றி, பட்டம் பெற்ற நாளிலிருந்து இன்றுவரை நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கும் அது பதில். அந்த இடைவெளியை வெறுமையாக விட்டால் வாசிப்பவர் தாமாக ஏதாவது நினைத்துக்கொள்வார். சமூக வேலை, கடை வேலை, கோயில் திருவிழாக் கணக்கு, பழைய மாணவர் சங்கம், கூட்டுறவுச் சங்கத்தில் உதவிக்கு நின்றது என்று நம் இளையோர் செய்யும் எத்தனையோ வேலைகள், சம்பளம் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தாளில் ஏறாமல் போவதைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

கோவையின் அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு பக்கம் போதும். செய்த வேலைகள் முதலிலும் பட்டம் அடுத்தும் வரட்டும். பாடசாலைப் பெறுபேறுகள் ஓரிரு வரிகளில் கடைசியில் வரட்டும். தேசிய அடையாள அட்டை இலக்கம், மதம், திருமண நிலை ஆகியவை தனியார் நிறுவனத்துக்கு முதற்கட்டத்தில் தேவையில்லை. கோப்பின் பெயர் உங்கள் பெயராகவும் பதவியின் பெயராகவும் இருக்கட்டும். மின்னஞ்சலின் உடலில் ஆறேழு வரிகள் எழுதுங்கள்: எந்தப் பதவி, அதை எங்கே பார்த்தீர்கள், அந்த விளம்பரம் கேட்கும் வேலைக்கு நெருக்கமாக நீங்கள் செய்த ஒரு விடயம். விளம்பரத்துக்கு விளம்பரம் மாறவேண்டியது அந்த ஒரு விடயந்தான். ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்புவதைவிடக் குறைவான இடங்களுக்கு இப்படி எழுதி அனுப்புவதே பயன் தரும்.

அரச வேலைக்கான விண்ணப்பத்தை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் வர்த்தமானியில் சொல்லப்பட்டதுதான் எல்லாம்: எந்த மாதிரிப் படிவம், யாருடைய அத்தாட்சி, எந்தத் திகதிக்கு முன், கடித உறையின் இடதுபக்க மேல் மூலையில் எந்தப் பெயர். தேர்வு பெரும்பாலும் போட்டிப் பரீட்சையின் புள்ளியில் தங்கியிருக்கிறது. புள்ளியிடப்படும் நேர்முகத்தேர்விலும் புள்ளித் திட்டத்தில் இல்லாத சான்றிதழுக்குப் புள்ளி கிடையாது. நம்மவர்கள் சான்றிதழ்களை அடுக்கி வைக்கும் பழக்கம் இந்த அரச முறையிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். தனியார் துறையில் அந்த அடுக்கு ஒரு தடிப்பான கோப்பு மட்டுமே.

இன்னொரு டிப்ளோமா செய்யலாமா என்ற கேள்விக்கு இதிலிருந்து பதில் வருகிறது. போய் இருந்தாலே கிடைக்கும் சான்றிதழுக்குக் காசைச் செலவழிக்காதீர்கள். வெளியார் ஒருவர் பரீட்சித்து, தவறினால் தவறியதாகவே சொல்லும் தகைமைகளுக்குப் பெறுமதி உண்டு. உங்கள் துறையில் இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பரீட்சைகளில் முதற்கட்டத்தையாவது முடித்திருப்பது, மூன்று டிப்ளோமாக்களைவிட அதிகம் பேசும். கைத்தொழில் சார்ந்தவர்களுக்குத் தேசிய தொழிற் தகைமையின் மட்டங்கள் அதே வேலையைச் செய்கின்றன. மின்னிணைப்போ குளிரூட்டி திருத்துதலோ செய்து காட்டித்தான் அந்த மட்டத்தைப் பெற வேண்டும் என்பதால் தொழில்தருநர் அதை நம்புகிறார். மென்பொருள் துறைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கோ, தாங்கள் எழுதிய நிரலை எவரும் பார்க்கக்கூடியதாகக் கிட்ஹப் என்ற இணையத்தளத்தில் வைத்திருப்பதும், யாழ் ஐடி ஹப் போன்ற அமைப்புகளின் போட்டிகளில் ஒரு பொருளைக் கட்டி முடித்திருப்பதும் எந்தச் சான்றிதழையும் முந்தும்.

ஆனால் பணமும் நேரமும் செலவழிக்க விரும்பினால், டிப்ளோமாவுக்கு முன்னால் நான் வைப்பது சிங்களம். இதைப் பலரும் விரும்பிக் கேட்பதில்லை என்று தெரிந்தும் சொல்கிறேன். வங்கியோ காப்புறுதி நிறுவனமோ, அதன் தலைமை அலுவலகம் கொழும்பில் இருக்கிறது. ஒரு கடன் கோப்பு அங்கே தேங்கி நின்றால் தொலைபேசியில் பேசி அதை அசைக்கக்கூடியவர், வட்டார முகாமையாளர் வரும்போது மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாதவர், யாழ்ப்பாணக் கிளையில் மிகச் சிலரே. ஆங்கிலம் எல்லோரும் ஓரளவு வைத்திருக்கிறார்கள். பேசக்கூடிய சிங்களம் வைத்திருப்பவர் நூற்றில் சிலர். அரச சேவைக்குப் போனாலும், 2007 யூலை 1 இற்குப் பின் சேர்ந்தவர்கள் மற்றைய அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆகவே அந்த உழைப்பு எந்த வழியிலும் வீணாகாது. எழுத்தில் தேர்ச்சி பின்னர் வரட்டும். முதலில் தொலைபேசி உரையாடல் ஒன்றை முடிக்கும் அளவுக்குப் பேசப் பழகுங்கள்.

நேர்முகத்தேர்வுக்கு வருகிறேன். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் நம் பிள்ளைகள் பெயர், ஊர், தந்தையின் தொழில், பாடசாலை என்று தொடங்கி, மனனம் செய்த ஆங்கிலத்தில் பல்கலைக்கழகம்வரை வந்து நின்றுவிடுகிறார்கள். அவை ஏற்கெனவே எங்கள் கையிலுள்ள தாளில் இருப்பவை. நீங்கள் செய்த ஒரு வேலையை எடுத்து, நிலைமை எப்படி இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவில் என்ன மாறியது என்று இரண்டு நிமிடத்துக்குள் சொல்லப் பழகுங்கள். தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனனம் வேண்டாம், இடையில் ஒரு கேள்வி கேட்டால் மனனம் உடைந்துபோகும், ஆனால் செய்த வேலை நினைவிலிருந்து போகாது.

அடுத்ததாக, உங்கள் துறையின் அன்றாட வேலையைக் கையில் வைத்திருங்கள். கணக்கு உதவியாளர் பதவிக்கு வந்த பட்டதாரியிடம், 50,000 ரூபா சம்பளம் பெறும் ஊழியருக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று கேட்டால், பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். ஊழியரின் பங்கு 8 வீதம், ஆகவே 4,000 ரூபா சம்பளத்திலிருந்து கழியும். தொழில்தருநரின் பங்கு 12 வீதம், 6,000 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம், 1,500 ரூபா. இவ்விரண்டையும் தொழில்தருநரே செலுத்துகிறார், ஊழியரின் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது. பெறுமதி சேர் வரி 2024 சனவரியிலிருந்து 18 வீதம் என்பதும், வரி உட்பட்ட தொகையிலிருந்து வரியைப் பிரித்தெடுக்கும்போது 18 ஆல் பெருக்கி 118 ஆல் பிரிக்க வேண்டும் என்பதும் அதே வகை. நான்கு வருடப் பட்டப்படிப்பில் இவற்றைவிடக் கடினமானவற்றை நீங்கள் கற்றிருக்கிறீர்கள். ஆயினும் திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் தேவைப்படுவது இதுதான், இதைத் தயங்காமல் சொல்பவர் மீது அறையிலுள்ளவர்களின் பார்வை மாறுவதைக் கண்ணால் காணலாம்.

போகுமுன் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். நிதி நிறுவனம் என்றால் கிளைக்குள் ஒரு வாடிக்கையாளராகச் சென்று, நகை அடகுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள், வட்டியை எப்படி விளக்குகிறார்கள் என்று கவனியுங்கள். ஹோட்டல் என்றால் விருந்தினர்கள் இணையத்தில் எழுதிய குறைகளை வாசியுங்கள். ‘எங்களைப் பற்றி என்ன தெரியும்?’ என்ற கேள்விக்கு இணையத்தளத்தில் உள்ள நோக்கக்கூற்றை ஒப்புவிப்பவர்கள் நடுவே, கிளையில் கண்டதைப் பணிவாகச் சொல்பவர் நிச்சயமாக நினைவில் நிற்பார்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு தயக்கத்தையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். இங்குள்ள தனியார் தொழில்தருநர்கள் பட்டதாரிகளை எடுக்கத் தயங்குவதற்குப் பெரிய காரணம், அரச நியமனம் வந்தால் அடுத்த நாளே போய்விடுவார்கள் என்ற அச்சம். அது ஆதாரமற்ற அச்சமன்று. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் மாவட்டச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் இருந்த போராட்டத்தையும், 2020 இல் பட்டதாரிகள் 20,000 ரூபா மாதக் கொடுப்பனவுடன் பயிலுநர்களாக அரச சேவைக்குள் எடுக்கப்பட்டதையும் எல்லோரும் அறிவார்கள். பயிற்றுவித்த ஊழியர் இடையில் போன அனுபவம் பல நிறுவனங்களுக்கு உண்டு. வெளிநாடு போகும் எண்ணம் பற்றியும் இதே சந்தேகம் இருக்கிறது, பெண்களிடம் திருமணத்தைக் காட்டியும் அதைக் கேட்கிறார்கள். திருமணத்தைப் பற்றிய கேள்வி முறையற்றது, அதற்கு நீங்கள் விளக்கமளிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். வேலையைத் தொடர்வதே என் எண்ணம் என்ற ஒரு வரி போதும். அரச வேலை பற்றிக் கேட்டால் மட்டும் பொய் சொல்லாதீர்கள். ‘ஒருபோதும் போகமாட்டேன்’ என்று சொல்பவரை யாரும் நம்புவதில்லை. இந்தத் துறையில் ஏன் நிற்க விரும்புகிறீர்கள், அடுத்த இரண்டு வருடத்தில் எந்தப் பரீட்சையை முடிக்கப் போகிறீர்கள், அந்தப் பரீட்சைக்கு இந்த வேலை எப்படி உதவும் என்று சொல்லுங்கள். சொந்தத் திட்டத்துக்கும் தங்கள் வேலைக்கும் தொடர்பிருப்பதைக் கண்டால் நிறுவனத்துக்கு நம்பிக்கை வரும்.

ஆள் தெரியாமல் கிடைக்குமா என்பதற்கு உண்மையான பதில் சற்று நீளமானது. யாழ்ப்பாணம் சிறிய இடம். கோண்டாவிலில் இருப்பவரைப் பற்றிச் சாவகச்சேரியில் விசாரிக்க இரண்டு தொலைபேசி அழைப்புப் போதும். செல்வாக்குள்ள ஒருவர் சொல்லி வேலை கிடைப்பதும் நடக்கிறது, அது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் பார்த்த பல இடங்களில் அந்தத் தொலைபேசி அழைப்பின் நோக்கம் வேறு: இவர் வேலை செய்ததைப் பார்த்த ஒருவர் என்ன சொல்கிறார் என்று அறிவது. அங்கேதான் நம் விண்ணப்பதாரிகள் பெரிதும் இழக்கிறார்கள். கோவையின் முடிவில் உறவினரல்லாத இருவரின் பெயர் கேட்கப்படுகிறது. உடனே பாடசாலை அதிபரையும், முந்நூறு மாணவருக்கு விரிவுரை நடத்திய பேராசிரியரையும் எழுதிவிடுகிறார்கள். அழைத்தால், ‘பெயர் ஞாபகமில்லை, நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்’ என்ற பதில் வருகிறது. பதவி பெரிது, சாட்சி ஒன்றுமில்லை.

உங்களுக்கு இருக்க வேண்டியவர்கள் சனசமூக நிலையத்தின் தலைவரும், நீங்கள் கற்பிக்கும் நிலையத்தின் பொறுப்பாளரும், அல்லது உங்கள் ஆய்வைத் திருத்திய விரிவுரையாளரும். அவர்களிடம் நேரில் போய், அனுமதி கேட்டு, எந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பதைச் சொல்லி, உங்கள் கோவையின் பிரதியொன்றைக் கொடுத்து வையுங்கள். ‘கணக்கை ஒரு சதம் பிசகாமல் வைத்திருந்தவர், கூட்டத்தில் கேள்வி கேட்டபோது கோபப்படாமல் விளக்கினவர்’ என்று ஊர் மனிதர் ஒருவர் சொன்னால், அதிபரின் கையெழுத்தைவிட அது பலமானது. பலரிடம் ‘எனக்கொரு வேலை பார்த்துத் தாருங்கள்’ என்று கேட்பதற்குப் பதிலாக, துறையில் இருக்கும் ஒருவரிடம் ‘உங்கள் இடத்தில் இந்த வேலை எப்படி நடக்கிறது, புதிதாக வருபவருக்கு எது தெரிவதில்லை’ என்று கேளுங்கள். முதற் கேள்வி அவருக்குச் சங்கடத்தைத் தரும். இரண்டாவது கேள்விக்கு மனமுவந்து பதில் சொல்வார், இடம் வெறுமையாகும்போது உங்களை நினைப்பார்.

கடைசியாக, குறைந்த சம்பளத்தில் சிறிய இடத்தில் சேரலாமா என்பது. எந்தச் சிறிய இடம் என்பதைப் பொறுத்தது. நகரிலுள்ள கணக்காய்வு நிறுவனமொன்றில் பயிலுநராகச் சேர்ந்தால் கொடுப்பனவு குறைவாகவே இருக்கும். ஆனால் ஒரு வருடத்துக்குள் அரிசி ஆலை, மருந்தகம், ஹாட்வெயார், கூட்டுறவுச் சங்கம் என்று பல வகைக் கணக்குகளைத் திறந்து பார்ப்பீர்கள், தொழில்முறைப் பரீட்சைக்கான பயிற்சிக் காலமாக அது கணிக்கப்படுமா என்பதையும் சேருமுன் கேட்டுக்கொள்ளலாம். அதற்குச் சேருங்கள் என்பேன். பட்டியல் போடுவதையும் தொலைபேசிக்குப் பதில் சொல்வதையும் தவிர வேறெதுவும் கைக்கு வராத இடத்தில் அதே சம்பளத்துக்கு ஒரு வருடம் இருக்க வேண்டாம். எந்த இடமாயினும் நியமனக் கடிதம் எழுத்தில் கேளுங்கள். பயிலுநர் என்ற பெயரைச் சொல்லிச் சேமலாப நிதி கட்டாமல் விடும் இடங்களும் உண்டு, ஆகவே முதல் மாதத்திலிருந்தே கட்டப்படுமா என்று தெளிவாகக் கேளுங்கள். இதைக் கேட்பதால் உங்களை யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். கணக்கு வேலைக்கு வருபவர் அதைக் கேட்காமல் விட்டால்தான் எனக்கு யோசனையாக இருக்கும். உங்கள் திருத்திய கோவையை அனுப்புங்கள், வாசித்து எழுதுகிறேன்.